மரத்துக்கு மரம் வேறு வெட்டு

கூடலூருக்கும் லோயர்கேம்புக்கும் இடையில் ஒரு தென்னந்தோப்பு. வைகாசி மாதக் காலை. வாடல் நோய் பிடித்த 16 மரங்களை வெட்டிச் சாய்க்கும் வேலை. வெட்ட வந்தவர் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த பெரியவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கூடவே அவருடைய மகனும் மைத்துனர் மகனும். மெஷின் ரம்பம் தரையில் கிடக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. அரிவாளைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு மரத்தையும் தட்டியபடி சுற்றி வருகிறார். சில மரங்களில் காதை வைத்துக் கேட்கிறார்.

தோப்புக்காரருக்கு முப்பது வயது இருக்கும். பைக்கில் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டார். "என்னப்பா, மரத்தோட பேசிக்கிட்டு நிக்கிற? மெஷினப் போடு. வெயில் ஏறுதுல்ல."

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஏழாவது மரத்தின் அடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "இதுல காத வச்சுப் பாருங்க தம்பி." வைத்தேன். உள்ளே யாரோ கரும்பு மெல்லுவதுபோல் ஒரு சத்தம். சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் தண்டைத் தின்கிற சத்தம் அது. "இதுல ஆள ஏத்துனா கொண்டையோட கீழ வருவான். பக்கத்து மரத்துல ஏறித்தான் இதுக்குக் கயிறு போடணும்" என்றார்.

மதியத்துக்குள் 16 மரங்களும் சாய்ந்தன. மோட்டார் அறையில் ஒரு மட்டைகூட விழவில்லை. சொட்டுநீர்க் குழாய் எதுவும் உடையவில்லை. பேசிய கூலியைத் தோப்புக்காரர் கொடுத்துவிட்டார். கணக்கு நோட்டில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "கூலி ஆள் 3."

அந்த மூன்று பேரின் பெயர் அந்த நோட்டில் இல்லை. அவர்களில் ஒருவர் அன்று மரத்தோடு விழுந்திருந்தால், அவர் அந்தத் தோப்பில் வேலை செய்தார் என்று காட்ட ஒரு தாள்கூட இருந்திருக்காது.

கம்பம் பள்ளத்தாக்கில் மரம் வெட்டப் போகிறவர்களில் எல்லாச் சாதியாரும் உண்டு. ஆனால், நான் போய்வருகிற ஊர்களில் மின்கம்பிக்குப் பக்கத்து மரம், பொந்து விழுந்த மரம், கிணற்றின் மேல் சாய்ந்த மரம் என்றால் ஆள் தேடி வருவது காலனிக்குத்தான். ஆபத்து கூடக் கூட, கூப்பிடுகிற குரல் சேரியை நோக்கி வருகிறது. வேலை முடிந்ததும் அதை 'உடம்பு வேலை' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வேலைக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வெட்டுக்கு முன்

மரம் வெட்டத் தெரிந்தவர் முதலில் மேலே பார்ப்பார். கிளைப் பாரம் எந்தப் பக்கம், அடிமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, காய்ந்த கிளை எங்கே தொங்குகிறது என்று பார்த்துக்கொள்வார். அடுத்து, தான் ஓடுவதற்கு வழி ஒதுக்குவார். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது. விழுகிற மரத்தின் அடித்தூர் சில நேரம் பின்னோக்கி உதைக்கும். பின்பக்கமாகச் சாய்வாக, இரண்டு பக்கமும் முள்ளும் கல்லும் அகற்றி வழி வைத்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும்.

அதன் பிறகுதான் வெட்டு. விழ வேண்டிய பக்கத்தில், அடிமரத்தின் குறுக்களவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்க வெட்டு அதற்குச் சற்று மேலே வர வேண்டும். இரண்டு வெட்டும் சந்தித்துவிடக் கூடாது. நடுவே குறுக்களவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மரம் வெட்டாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, விழும் மரத்துக்கு அது அப்படி. அது இருக்கிறவரை மரம் சொன்ன பக்கம் போகும். அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

இது பொதுப்பாடம். இதை மட்டும் தெரிந்துகொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் மரம் வெட்டப் போகிறவர் ஊர் திரும்புவது சந்தேகம். ஏனென்றால், ஒவ்வொரு மரமும் இந்தப் பாடத்தை ஒவ்வொரு விதத்தில் மாற்றச் சொல்லும்.

தென்னை: வெளியே இரும்பு, உள்ளே சோறு

தென்னைக்கு வைரம் நடுவில் இல்லை. வெளிவட்டம்தான் கெட்டி. உள்ளே போகப் போக மெத்து. அதனால் மற்ற மரங்களில் நடுவில் நிற்கிற பிடிப்பு, தென்னையில் இரண்டு ஓரத்து வெளிவட்டத்தில்தான் நிற்கும். அந்த ஓரங்களை விட்டுவைத்து வெட்ட வேண்டும். கயிறு இல்லாமல் நம்பக்கூடாது. பாரம் முழுவதும் உச்சியில் இருப்பதால், சாயத் தொடங்கிவிட்டால் நிறுத்த வழியில்லை.

வீட்டு வாசலில் நிற்கும் தென்னையை முழுதாகச் சாய்க்க முடியாது. கால் தளையும் இடுப்புக் கயிறும் கட்டி ஏறி, முதலில் காய்க்குலை, அடுத்து மட்டை, அடுத்து கொண்டை, பிறகு தண்டைத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். கொண்டையை வெட்டிவிடும் நேரத்தில் தண்டு விடுபட்டு ஆடும். அந்த ஆட்டம் அடங்கும்வரை உடம்பைத் தண்டோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும்.

இப்போது இந்த வேலை கூடியிருக்கிறது. கேரளத்தை ஒட்டிய நம் பள்ளத்தாக்கில் தென்னை வேர் வாடல் நோய் நிலைத்துவிட்டது. ஓலையின் ஈர்க்குகள் விலா எலும்புபோல் உள்நோக்கி வளைந்தால் அந்த நோய்தான். நோய் முற்றி ஆண்டுக்கு 10 காய்கூடத் தராத மரங்களை அகற்றச் சொல்லி வேளாண் விஞ்ஞானிகள் பரிந்துரைக்கிறார்கள். வெட்டிய தண்டைத் தோப்பிலேயே மக்க விடவும் கூடாது. காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். நோயுற்ற மரத்தில் கூன்வண்டும் இருக்கலாம். தண்டில் ஓட்டை, அதிலிருந்து வடியும் பழுப்பு நீர், புளித்த வாடை, உள்ளே மெல்லும் சத்தம் ஆகியவை அடையாளம். இந்த நான்கையும் பார்க்காமல் ஏறியவர்கள் கொண்டை முறிந்து விழுந்திருக்கிறார்கள்.

புளி: நூறு வயது நம்பிக்கை

திண்டுக்கல்லில் இருந்து குமுளி போகும் நெடுஞ்சாலையின் நிழல் புளியமரங்கள் தந்தது. சாலை அகலமாக அகலமாக அந்த மரங்கள் போயின. புளியமரம் கெட்டி. அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். கோடாரி சறுக்கும், ரம்பம் மாட்டிக்கொள்ளும். ஆனால், ஆபத்து அதன் கெட்டியில் இல்லை. வயதான புளிக்குள் பொந்து இருக்கும். வெளியே யானைக்கால்போல் தெரியும் அடிமரத்தில் உள்ளே ஒன்றுமே இருக்காது. வாய் எடுத்துப் பின்வெட்டுப் போடும்போது பிடித்து நிற்க வேண்டிய கீல் அங்கே கிடையாது. மரம் திரும்பி, வெட்டுகிறவர் மேலேயே வரும். சாலையோரப் பள்ளம் தோண்டியதில் ஒரு பக்க வேர் அறுந்திருந்தால் இன்னும் மோசம்.

அதனால் புளியை மேலிருந்துதான் கழிக்க வேண்டும். பெரிய கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் பட்டை கிழிந்து, கிளை ஊஞ்சல்போல் அடிமரத்தை நோக்கி வரும். முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, அதைவிடச் சற்று வெளியே மேல்பக்கத்தில் ஒரு வெட்டு, கிளை விழுந்த பிறகு மிச்சக் கட்டையைத் தனியாக அறுக்க வேண்டும். விழுந்த கிளை தரையில் வளைந்து கிடந்தால் அது நாணேற்றிய வில். அமுங்கிய உள்பக்கத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் இழுபட்ட வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் தெறித்து முகத்தில் அடிக்கும். சாலையோர மரத்தில் ஆணி, கம்பி, பழைய விளம்பரத் தகடு எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். மெஷின் சங்கிலி அதில் பட்டால் அறுந்து பறக்கும்.

இலவு: பருமனைப் பார்த்து ஏமாறாதே

போடி, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் இலவ மரம்தான் பலருக்குச் சோறு. பங்குனி, சித்திரையில் காய் பறிப்பு. இலவு குடை அடுக்கியதுபோல் கிளை விடும். ஏணிப்படி மாதிரி தெரியும். ஆனால், மரக்கட்டைகளிலேயே மிக லேசானவற்றில் அதுவும் ஒன்று. தொடைப் பருமன் கிளைகூடச் சொல்லாமல் முறியும். வேம்பும் புளியும் முறியும் முன் முனகும். இலவு முனகாது.

இலவில் ஏறுகிறவர் கிளையை நம்பி நிற்கக் கூடாது. கயிற்றை நடுமரத்தில் கட்டியிருக்க வேண்டும். காலை கிளை புறப்படும் இடத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். வெட்டிச் சாய்க்கும்போது கீலைக் கனமாக விட வேண்டும். மெத்தென்ற மரம் என்பதால் மெல்லிய கீல் பாதியிலேயே முறிந்துவிடும். முருங்கைக்கும் சில்வர் ஓக் கிளைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

தைலமரமும் தேக்கும் வேறு ரகம். நேரான நார். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் தைலமரத்தைப் பின்னாலிருந்து சாதாரணமாக அறுத்தால், பாதி அறுக்கும்போதே அடியிலிருந்து மேல்நோக்கிப் பிளந்து, பிளந்த பாதி பின்னால் தூக்கி அடிக்கும். தாடையில் அடிபட்டால் உயிர் போகும். வெட்டுக்கு மேலே சங்கிலியோ கயிறோ இறுகச் சுற்றிக்கொண்டு வெட்டுவது இதற்குத்தான்.

சீமைக்கருவேலத்தில் உயரம் இல்லை, ஆள் விழ மாட்டார். ஆனால் ஒரே தூரில் பத்துத் தண்டு, ஒன்றோடொன்று பின்னி இழுத்து நிற்கும். எதை அறுத்தால் எது தெறிக்கும் என்று தெரியாது. தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் தூரைத் தோண்டியே எடுக்க வேண்டும். இந்த வேலையில் பெண்கள் நிறைய. கிளை கழிப்பது, முள் ஒதுக்குவது, விறகு அடுக்குவது எல்லாம் அவர்கள். காலில் ஏறிய முள் ஒடிந்து உள்ளேயே தங்கி, மாதக்கணக்கில் சீழ் வைத்து நடக்க முடியாமல் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கொடுக்கப்படும் கூலி ஆண் கூலியைவிடக் குறைவு. முள் ஆள் பார்த்துக் குத்துவதில்லை.

சரிவும் காற்றும்

மரத்தைப்போலவே இடமும் பருவமும் முறையை மாற்றும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று வழியிலும் விடியற்காலையில் ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. தென்மேற்குப் பருவமழை இறங்கும் முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும். பலா, சந்தன வேம்பு போன்ற மரங்களில் ஏறிக் கிளை கழிக்க வேண்டும். பட்டையில் பாசி, அதன்மேல் மழைத் தூறல். சரிவில் மரம் சாய்க்கிறவர் எப்போதும் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். மரத்தைச் சரிவின் குறுக்கே விழவிட வேண்டும். பள்ளத்தை நோக்கி விட்டால் உருண்டு போகும். கீழே ஆள் நிற்கிறார்களா என்று மூடுபனியில் தெரியாது.

தோட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. கிளை ஏலச் செடியின்மேல் விழக்கூடாது. கீழே நின்று அறுத்தால் ஆளுக்குப் பாதுகாப்பு, செடிக்குச் சேதம். உயரே ஏறிச் சின்னச் சின்னதாக வெட்டி இறக்கினால் செடி பிழைக்கும், ஆபத்து ஆளுக்கு. எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. வீட்டு ஓடு, மோட்டார் அறை, சுற்றுச்சுவர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மரம் வெட்டும் முறையை நம் ஆட்கள் மாற்றி மாற்றிக் கற்றது பெரும்பாலும் அடுத்தவர் சொத்தைக் காப்பாற்றத்தான்.

அப்புறம் காற்று. தமிழகத்தில் காற்று புகுந்து வரும் கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஒரு சீராக இருக்காது. விட்டு விட்டு அடிக்கும். காற்று நின்றபோது பின்வெட்டைத் தொடங்கி, அடித்தபோது மரம் தானாகத் திரும்பிய கதைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அந்த மாதங்களில் விடிந்ததும் வெட்டி, காற்று எழும் முன் முடித்துவிடுவார்கள். "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லும் உரிமை அவர்களிடம் இருந்தால்தான் அது நடக்கும். முன்பணம் வாங்கியவரால் அப்படிச் சொல்ல முடியாது.

மெஷின் வந்த பிறகு வேகம் கூடியது, பேச்சு போய்விட்டது. இழுப்பு ரம்பத்தில் இரண்டு பேர் எதிரெதிரே இருப்பார்கள். மரம் முனகினால் இருவருக்கும் கேட்கும். மெஷின் பிடித்தவருக்கு மரத்தின் சத்தமும் கேட்காது, கூட்டாளியின் சத்தமும் கேட்காது. பட்டையின் நுனி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இந்த மெஷினைத் தொழிலுக்குப் பிடிக்கப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998-லேயே காட்டு வேலைக்கான பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. தலைக்கவசம், கண் மறைப்பு, கால் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. இங்கே லுங்கியும் ரப்பர் செருப்பும்.

'தவறி விழுந்து'

சில ஆண்டுகளுக்கு முன் இலவங்காய் பறிக்கும்போது கிளை முறிந்து ஒருவர் இறந்தார். இரண்டு பிள்ளைகள். தகவல் கிடைத்து நான் போனபோது, அவர் மனைவி கைநாட்டு வைத்த புகார் ஏற்கெனவே காவல் நிலையத்தில் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருந்த வரி: "மரத்தில் ஏறியபோது தவறி விழுந்து." யாருடைய மரம், யார் கூப்பிட்டார்கள், என்ன கூலி என்று எதுவும் இல்லை. அடக்கத்துக்குத் தோட்டத்துக்காரர் பணம் கொடுத்திருந்தார். "நல்ல மனுசன், வந்து நின்னு செஞ்சாரு" என்று அந்தப் பெண் அழுதபடி சொன்னார். நானும் அன்றைக்கு அந்தத் தாளைத் திருத்தச் சொல்லி நிற்கவில்லை. பிறகு இழப்பீடு கேட்கப் போனபோது, அவர் அங்கே வேலைக்கு வந்தார் என்று சொல்ல ஒரு சாட்சி கிடைக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் அடுத்த பருவத்துக்கும் அதே தோட்டத்துக்குப் போக வேண்டியவர்கள். வழக்கு அங்கேயே நின்றுவிட்டது.

தவறி விழுந்தார் என்கிறது தாள். யாருடைய தவறு என்று அது கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, இழப்பீட்டுக்கு உரிய வேலைகளைப் பட்டியல் போட்டது. பனை ஏறுவதும் மரம் வெட்டுவதும் அதில் வெளிப்படையாக இருந்தன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை, அவர் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கணக்கிட்டால் 13,81,275 ரூபாய். அடக்கச் செலவுக்குக் கொடுக்கப்பட்ட சில ஆயிரங்களை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பம் இழந்தது எவ்வளவு என்று தெரியும்.

இந்தத் தொகை அந்தக் குடும்பத்தின் உரிமை. அதைக் கேட்க இரண்டு விஷயங்களை நிரூபித்தால் போதும்: அவர் வேலைக்கு அமர்த்தப்பட்டவர், வேலையில் இருக்கும்போது விபத்து நடந்தது. அதனால்தான் புகாரின் முதல் வரி முக்கியம். இத்தகைய மரணங்களை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவில் பதிவார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு. "இன்னாருடைய தோட்டத்தில், இன்னார் கூப்பிட்டு, இவ்வளவு கூலிக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது" என்று எழுதியிருக்க வேண்டும். கைநாட்டு வைக்கும் முன் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விபத்து இடுக்கித் தோட்டத்தில் நடந்திருந்தாலும், குடும்பம் வசிக்கும் பகுதிக்கு உரிய இழப்பீட்டு ஆணையரிடமே மனுப் போடலாம். மலை ஏறி வழக்கு நடத்த வேண்டும் என்று பயந்து விட்டுவிடுகிற குடும்பங்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வெட்டியும் வெட்டுகிறவரும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றொரு சொல் வருகிறது. கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். இன்றும் பயனில்லாத வேலையை வெட்டி வேலை என்கிறோம். அதற்கும் முன்பு, பகைவரின் காவல் மரமான கடம்பை வெட்டியவன் என்று சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் புலவர்கள் பாடினார்கள். கோடாரி பிடித்த கைகளின் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. தோப்புக்காரரின் நோட்டில் 'கூலி ஆள் 3' என்று இருப்பதற்கு இவ்வளவு நீண்ட பழக்கம் இருக்கிறது.

பெயர் இல்லாதவர்களை எது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து போன 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்கள், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலைவாழ் மக்களும் நிலமற்றவர்களும் செத்தார்கள். மரத்தை வாங்கி விற்கிற முதலாளி அந்தக் காட்டில் இல்லை. நம் பகுதியிலும் இதில் கவனம் வேண்டும். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு 2021-ல் அறிவித்தது. அனுமதித் தாளைக் கண்ணால் பார்க்காமல் மெஷினை எடுக்காதீர்கள். மாட்டுகிறவர் எப்போதும் கையில் ரம்பம் வைத்திருப்பவர்தான்.

செய்ய வேண்டியவை

ஏறுவதும் வெட்டுவதும் திறமை என்று அரசு ஒப்புக்கொண்ட உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற திட்டத்தைக் கேரளத்தில் தொடங்கி, ஏறும் கருவியும் பயிற்சியும் விபத்துக் காப்பீடும் கொடுத்தது. மரம் வெட்டுகிறவர்களுக்கும் அப்படி ஒரு பயிற்சியும் சான்றும் பாதுகாப்புக் கருவியும் தேனி மாவட்டத்தில் வேண்டும். பாடம் நடத்த வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. காலனிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மரங்களில் ஏறி வளர்ந்த பளியர் மக்கள் மலையடிவாரங்களில் இருக்கிறார்கள்.

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில. 60 வயதுக்குள் இருப்பவர்கள் தொழிலாளர் நல அலுவலகத்தின் வழியாக உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். இ-ஷ்ரம் அட்டை இருந்தால் வாரியப் பதிவு ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். எந்த வேலைக்குப் போனாலும், வேலை தொடங்கும் முன் மரத்தையும் ஆட்களையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, இடம், நாள், கூப்பிட்டவர் பெயரோடு வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்த ஒரு செய்தி நாளை சாட்சியாக நிற்கும்.

கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ மாமாவோ மரம் வெட்டப் போகிறவராக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு அவர் முன் உட்காருங்கள். எந்த மரத்தை எப்படி வெட்டுவார், எதில் ஏற மாட்டார், ஏன் என்று கேட்டு அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். தலைப்பில் அவர் பெயரைப் போடுங்கள். அவர் எங்கெங்கே வேலைக்குப் போனார், யார் கூப்பிட்டார்கள் என்பதையும் அதே நோட்டில் தேதியோடு எழுதத் தொடங்குங்கள்.

கூடலூர்ப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். பேத்தி உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போகிறாள். "அதுக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும் தம்பி?" என்று சிரித்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது நாற்பது பக்க நோட்டில் பதினொரு பக்கம் நிரம்பியிருந்தது. முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயர். கடைசியாக எழுதியிருந்த வரி: "கூன்வண்டு மரத்தில் ஏறக் கூடாது. காது வைத்துக் கேட்க வேண்டும்." அதற்குக் கீழே அந்தத் தோப்பின் பெயர், நாள், 16 மரங்கள், மூன்று பேரின் பெயர்கள்.